கேரித் தீவில் கடல்நீர் ஏறாதா?

'மலேசியாவில் பந்திங் பக்கம் கேரித் தீவுக்குப் போனோம், மேடே இல்லை. கடல்நீர் ஏறாதா?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏறும், மண்கரை இல்லாவிட்டால். லங்காட் ஆறு பெருநிலத்திலிருந்து பிரிக்கும் இந்தச் சேற்றுத் தீவில் பெரும்பகுதி, கடல் பொங்கும் நேர மட்டத்தைவிடத் தாழ்வு. வற்றும்போது கால்வாய்த் தண்ணீர் மதகுக் கதவைத் தள்ளி வெளியேறும். பொங்கும்போது கடலே அதை அழுத்தி மூடிவிடும். நின்று பாருங்கள், அவ்வளவு அழகு!

பெயர், எட்வர்ட் வாலண்டைன் கேரி என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரருடையது. முதலில் பால்மரம் (ரப்பர்), அப்புறம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. கரையையும் கால்வாயையும் காத்த உழைப்பில் தோட்டக் குடியிருப்பான லயங்களில் வாழ்ந்த நம் மக்களுக்குப் பெரிய பங்குண்டு. ஆனால் தோட்டத்துக்கு முன்பே இங்கு வாழ்ந்தவர்கள் மா மெரி பூர்வகுடிகள். சுங்கை பும்புனில் அவர்கள் செதுக்கும் மர முகமூடிகளைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.