தீவு நாடு சீனாவுடன் கையெழுத்திட்டால் எதை முதலில் பார்ப்பது?

கேள்வி: பசிபிக் தீவு நாடுகள் பற்றிய செய்திகளைத் தமிழில் எழுதுகிறேன். சீனா எந்த ஒப்பந்தம் போட்டாலும் ‘கடன் பொறி’, ‘ராணுவத் தளம்’ என்றே தலைப்பு வருகிறது. உண்மையில் என்ன நடந்திருக்கிறது என்று எப்படிப் பிரித்தறிவது?

பதில்: அந்த நாடு அங்கீகரித்திருப்பது சீனாவையா, தைவானையா என்று முதலில் பாருங்கள் (இரண்டையும் சேர்த்து அங்கீகரிக்க சீனா விடாது). பாதி முடிச்சு அங்கேயே அவிழ்ந்துவிடும். பசிபிக்கில் இப்போது தைவான் பக்கம் நிற்பவை மார்ஷல் தீவுகள், பலாவு, துவாலு ஆகிய மூன்றே. சாலமன் தீவுகளும் கிரிபாட்டியும் 2019 செப்டம்பரில் ஒரே வாரத்துக்குள் பெய்ஜிங் பக்கம் மாறின. (எழுத்தில் கிரிபாட்டி, அந்த ஊர்க்காரர்கள் சொல்வது ‘கிரிபாஸ்’.) நவ்ரு மாறியது 2024 ஜனவரியில், தைவான் அதிபர் தேர்தல் முடிந்த இரண்டாம் நாள். ஆனால் இதே நவ்ரு 2002-ல் சீனாவிடம் போய், 2005-ல் தைவானிடம் திரும்பிய நாடு. அங்கே வாழ்பவர்கள் சுமார் 12,000 பேர்தான். ஐ.நா. பொதுச் சபையில் அவர்களுக்கும் ஒரு ஓட்டு, சீனாவுக்கும் ஒரு ஓட்டு. விற்கப் பெரிதாக வேறொன்றும் இல்லாத நாட்டுக்கு அங்கீகாரமே சரக்கு. எனவே ‘சீனா வளைத்துப் போட்டது’ என்று எழுதுவதற்கு முன், விலை சொன்னது யார் என்றும் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, கையெழுத்தான காகிதம் எந்த வகை? புரிந்துணர்வு ஒப்பந்தம் என்றால் பெரும்பாலும் எண்ணத்தைச் சொல்லும் தாள்தான். அதில் தொகை இருந்தாலும் ‘கொடுத்தது’ என்று எழுதக் கூடாது. மானியம் திருப்பிக் கட்ட வேண்டாதது. விளையாட்டரங்கம், அரசுக் கட்டடம் போன்றவை பல இடங்களில் இப்படி வந்தவை. கவனித்துப் படிக்க வேண்டியது சீன அரசின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கியான எக்ஸிம் வங்கியின் சலுகைக் கடன். வழக்கமாக 2 சதவீத வட்டி, 20 ஆண்டுத் தவணை, முதல் 5 முதல் 7 ஆண்டுகள் அசல் கட்டத் தேவையில்லை. வேலை சீன நிறுவனத்துக்கே போகும். பொருட்களில் குறைந்தது பாதி சீனாவிலிருந்து வர வேண்டும்.

வட்டி மலிவுதான். இடிப்பது அசல் தவணை தொடங்கும்போது. டோங்காவில் அதுதான் நடந்தது. 2006 கலவரத்தில் தலைநகர் நுகுஅலோபாவின் கடைத்தெரு எரிந்தது. அதைத் திரும்பக் கட்டவும் சாலை போடவும் எக்ஸிம் வங்கியில் கடன் வாங்கினார்கள். நாட்டின் வெளிக்கடனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அந்த ஒரு வங்கிக்கே என்ற நிலை வந்தது. கடன் யுவானில், வரி வருமானம் உள்ளூர் நாணயத்தில். மாற்று விகிதம் நகர்ந்தால் சுமையும் நகரும். 2018-ல் பிரதமர் அகிலிசி போஹிவா, தீவு நாடுகள் ஒன்றுசேர்ந்து கடன் தள்ளுபடி கேட்கலாம் என்றார். சில நாட்களிலேயே அந்தப் பேச்சைக் கைவிட்டார். அதே ஆண்டு டோங்கா சீனாவின் பட்டுப்பாதைத் திட்டத்தில் சேர்ந்தது. அசல் தவணையும் தள்ளிப்போடப்பட்டது. சொத்து எதுவும் பறிபோகவில்லை, கடனும் ரத்தாகவில்லை. இதைப் ‘பொறி’ என்பதைவிடப் ‘பிடி’ என்று சொல்வது பொருத்தம். தவணை நீட்டிப்புக்காக ஒவ்வொரு முறையும் பெய்ஜிங்கின் கதவைத் தட்ட வேண்டியிருப்பதே அந்தப் பிடி.

உடனே இலங்கையில் சீனக் கடனில் கட்டிய ஹம்பாந்தோட்டைத் துறைமுகத்தை ஒப்பிடத் தோன்றும். அங்கேகூட 2017-ல் சீன நிறுவனத்துக்கு விட்ட 99 ஆண்டுக் குத்தகைக்குக் கிடைத்த 112 கோடி டாலர் இலங்கையின் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது. துறைமுகத்துக்கு வாங்கிய கடன் அப்படியே நின்றது. ‘கடனுக்கு ஈடாகத் துறைமுகத்தை எடுத்துக்கொண்டார்கள்’ என்ற வாக்கியம் பிழை.

‘தளம்’ என்ற சொல்லுக்கு வருவோம். வனுவாட்டுவின் லுகன்வில் துறைமுகத்தில் சீனக் கடனில் நீண்ட படகுத்துறை ஒன்று கட்டப்பட்டது. 2018-ல் அது சீனக் கடற்படைத் தளமாகப் போகிறது என்று செய்தி பரவியது. இரு அரசுகளும் மறுத்தன, தளமும் வரவில்லை. இப்படிப்பட்ட செய்தியில் தேட வேண்டியது நீளத்தை அல்ல. பெரிய சுற்றுலாக் கப்பலுக்கும் நீளமான துறை வேண்டும். துறையை நடத்துவது யார், குத்தகை எத்தனை ஆண்டு, வேறு நாட்டுக் கப்பலைத் தடுக்கும் உரிமை யாருக்காவது உண்டா, எரிபொருள் கிடங்கு உண்டா என்று தேடுங்கள்.

என் கணிப்பில், துறைமுகத்தைவிடக் காவல்துறை விஷயம்தான் கூர்ந்து பார்க்க வேண்டியது. 2021 நவம்பரில் சாலமன் தீவுகளின் தலைநகர் ஹோனியாராவில் கலவரம். 2022 ஏப்ரலில் அந்த நாடு சீனாவுடன் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்தது. நாம் படித்திருப்பது அதற்கு முந்தைய மாதம் கசிந்த வரைவை மட்டுமே. அதன்படி, சாலமன் அரசு கேட்டால் சீனா காவலர்களையும் படையினரையும் அனுப்பலாம். அரசின் ஒப்புதலுடன் சீனக் கப்பல்கள் வந்து தேவையான பொருட்களை நிரப்பிக்கொள்ளலாம். ‘கசிந்த வரைவின்படி’ என்ற இரண்டு சொற்களை விட்டுவிட்டு இதை எழுதாதீர்கள். தன் நாட்டுக் கலவரத்தை அடக்க எந்த அரசை அழைப்பது என்ற முடிவு ஆட்சியில் இருப்பவர் கையில் போகிறது. உள்ளூர் எதிர்க்கட்சிக்குக் கவலை அங்கேதான்.

சீனா எல்லா இடத்திலும் ஜெயிப்பதில்லை. 2022 மே இறுதியில் வெளியுறவு அமைச்சர் வாங் யீ பத்துத் தீவு நாடுகளுக்கும் பொதுவான ஓர் ஒப்பந்தத்தை ஃபிஜியில் முன்வைத்தார். மைக்ரோனேசியாவின் அப்போதைய அதிபர் டேவிட் பானுவேலோ மற்ற தலைவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதினார், ஒப்பந்தம் நிறைவேறவில்லை. கூட்டமாகக் கேட்டால் மறுப்பவர்கள், தனித்தனியாகப் பேசினால் இணங்குகிறார்கள். ஆகவே ‘பசிபிக் நாடுகள் சீனாவுடன்’ என்று மொத்தமாக எழுதாமல், எந்த நாடு என்று பெயரைச் சொல்லுங்கள்.

எதிர்த் தரப்பையும் இதே கோலால் அளக்க வேண்டும். 2023-ல் ஆஸ்திரேலியா துவாலுவுடன் ஃபலேபிலி ஒப்பந்தம் செய்தது. ஆண்டுக்கு 280 துவாலு மக்கள் ஆஸ்திரேலியாவில் குடியேறலாம். பதிலுக்கு, துவாலு வேறொரு நாட்டுடன் பாதுகாப்பு ஏற்பாடு செய்ய ஆஸ்திரேலியாவும் இசைய வேண்டும். சீனாவின் காகிதத்தில் இப்படியொரு வரி இருந்தால் தலைப்பு எப்படி வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தொகையைச் சரிபார்க்க, ஆஸ்திரேலிய ஆய்வு அமைப்பான லோவி நிறுவனத்தின் பசிபிக் உதவி வரைபடத்தில் அறிவித்த தொகையும் உண்மையில் செலவான தொகையும் தனித்தனியாக இருக்கும், இரண்டாவதையே எடுங்கள். கடன் நிலுவைக்கு அந்த நாட்டின் பட்ஜெட் ஆவணத்தில் வெளிக்கடன் அட்டவணையையோ, பன்னாட்டு நாணய நிதியத்தின் ஆய்வறிக்கையில் கடன் தாங்குதிறன் பகுதியையோ புரட்டுங்கள். இரண்டிலும் கடன் கொடுத்தவர்களில் யாருக்கு எவ்வளவு என்று பிரித்திருந்தால், தலைப்பில் ‘பொறி’ வேண்டுமா வேண்டாமா என்பது அந்த வரிசையிலேயே தெரிந்துவிடும்.