பன்னிரண்டு நகர்த்தலுக்குப் பிறகு என்ன செய்வது?

கேள்வி: கல்லூரி மாணவன் நான். செஸ்ஸில் ஓப்பனிங் (ஆட்டத் தொடக்கம்) பன்னிரண்டு நகர்த்தல் வரை மனப்பாடம். அதன்பிறகு எதிராளி வைக்கும் சின்னப் பொறியில்கூட விழுகிறேன். பஸில் (கொடுத்த நிலையில் சரியான நகர்த்தலைக் கண்டுபிடிக்கும் புதிர்) மட்டும் சரியாக வருகிறது. வேறு விதிகளில் ஆடும் செஸ் வகைகள் உதவுமா, இருக்கிற ஆட்டமும் கெட்டுவிடுமா?

பதில்: பஸிலில் தேறுபவர்கள் ஆட்டத்தில் கோட்டை விடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். பஸில் என்றாலே ‘இதில் ஏதோ இருக்கிறது’ என்று தெரிந்துவிடுகிறது. ஆட்டத்தில் அதை யாரும் சொல்வதில்லை, நீங்களேதான் மோப்பம் பிடிக்க வேண்டும். அதைப் பழக, என் கணிப்பில், ‘த்ரீ செக்’ வகைதான் முதலிடம்.

அதில் மேட் (ராஜா தப்பவே முடியாத செக்) செய்யாவிட்டாலும், மூன்று முறை செக் வைத்தால், அதாவது எதிராளியின் ராஜாவைத் தாக்கினால், வெற்றி. பலகையில் வைத்துப் பாருங்கள் (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை). வெள்ளைச் சிப்பாய் ஈ4, கருப்புச் சிப்பாய் ஈ5. வெள்ளை மந்திரி சி4, கருப்புக் குதிரை சி6. நாம் தினமும் ஆடுவதுதான். இப்போது மந்திரி எஃப்7 சிப்பாயை வெட்டி செக். ராஜா மந்திரியை வெட்டினால் ராணி ஹெச்5-க்கு வந்து இரண்டாவது செக். கருப்புக்கு நான்கே வழி: சிப்பாய் ஜி6, அல்லது ராஜா ஈ6, ஈ7, எஃப்6. எதை ஆடினாலும் மூன்றாவது செக் காத்திருக்கிறது. இப்படிப் பத்து ஆட்டம் அடிபட்டால், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன் ‘யாருக்கு என்ன செக் இருக்கிறது’ என்று கண் தானாகத் தேடும்.

உங்கள் பயமும் நியாயமானதே. இதையே சாதாரண செஸ்ஸில் ஆடினால் ஒரு சிப்பாய்க்காக மந்திரியை இழந்து நிற்பீர்கள். அதனால் ஆட்டம் முடிந்ததும், முதல் காயைப் பலி கொடுத்த இடத்துக்குத் திரும்புங்கள். ‘வழக்கமான விதியில் இது செல்லுமா?’ என்று கணக்கிட்டு நோட்டில் எழுதுங்கள். பாதிப் பயிற்சி அங்கேதான். அதைச் செய்ய நேரமில்லை என்றால் இந்த வகைகளைத் தொடவே வேண்டாம்.

மனப்பாடத்தை உடைக்க ‘செஸ்960’. பாபி ஃபிஷர் 1996-ல் அறிவித்தது. பின்வரிசைக் காய்கள் 960 விதமாக மாறி நிற்கும். ராஜா எப்போதும் இரண்டு யானைகளுக்கு நடுவே, மந்திரிகள் வெவ்வேறு நிறக் கட்டங்களில். மந்திரி மூலையில் நின்றால் பக்கத்துச் சிப்பாய் ஒரு கட்டம் நகர்ந்ததுமே நீண்ட மூலைவிட்டம் திறந்துவிடும். முதல் நகர்த்தலிலிருந்தே நடு ஆட்டம்தான்.

வெட்டிய காயை உங்கள் காயாகவே பலகையில் இறக்கும் ‘கிரேஸிஹவுஸ்’ ராஜாவைச் சுற்றியுள்ள ஓட்டைகளைக் காட்டித்தரும். ஆனால் காய்களின் மதிப்பே அதில் மாறிவிடுவதால் வாரத்துக்கு இரண்டு ஆட்டம் போதும். ஒரு காயை வெட்டினால் சுற்றியுள்ள காய்களும் வெடித்துப் போகும் ‘அட்டாமிக்’ உங்கள் தேவைக்கு உதவாது.

வாரத்தில் நான்கு நாள் வழக்கமான செஸ், இரண்டு நாள் இவை. மூன்று நிமிட ஆட்டம் வேண்டாம். பதினைந்து நிமிடம், நகர்த்தலுக்குப் பத்து விநாடி கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்டி நெருங்கினால் ஒரு வாரம் முன்பே வகைகளை நிறுத்திவிடுங்கள்.