பழைய படங்களை மீண்டும் எடுக்கலாமா? ரீமேக் குறித்த கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நான் போற்றி வரும் ஒரு பழைய படத்தை மீண்டும் எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தாலே மனம் பதறுகிறது. ரீமேக் மூலப்படத்தின் பெருமையைக் குலைத்துவிடாதா?

பதில்: குலைக்காது என்றே உறுதியாகச் சொல்வேன். 1959இல் வெளிவந்து 11 ஆஸ்கர் விருதுகளைப் பெற்ற ‘பென்ஹர்’ படத்தின் கதையை 2016இல் மீண்டும் எடுத்தார்கள். புதிய படம் வசூலிலும் தோற்றது, விமர்சகர்களிடமும் தோற்றது. ஆனால் தேர்ப்பந்தயக் காட்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் 1959ஆம் ஆண்டுப் படத்தைத்தான் மனத்தில் கொண்டு பேசுகிறார்கள். அந்தப் படத்துக்கும் முன்னதாக, 1925இலேயே இக்கதை மௌனப்படமாக வந்துவிட்டது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: ஒரு படத்தில் குறையே இல்லை என்றால், அதை ஒரு ஷாட்கூட மாறாமல் எடுப்பதுதானே அதற்குச் செய்யும் மரியாதை? ஹிட்ச்காக்கின் திகில் படமான ‘சைக்கோ’வை அப்படி எடுத்தும் ஏன் எடுபடவில்லை?

பதில்: ஹிட்ச்காக் 1960இல் எடுத்த படத்தை கஸ் வான் சான்ட் 1998இல் ஏறத்தாழ ஷாட்டுக்கு ஷாட் அப்படியே எடுத்தார். திரைக்கதையும் ஜோசப் ஸ்டெஃபானோ எழுதியதுதான். இசையும் பெர்னார்ட் ஹெர்மன் அமைத்ததுதான். கதாநாயகி திருடும் தொகை மட்டும் காலத்துக்கேற்ப 40,000 டாலரிலிருந்து 4,00,000 டாலராக உயர்ந்தது. தொடக்கக் காட்சியில் நகரத்தின் மேலாகப் பறந்து வரும் கேமரா நேரே ஒரு ஜன்னலுக்குள் நுழைய வேண்டும் என்று ஹிட்ச்காக் ஆசைப்பட்டார். அன்றைய வசதிகளில் அது கைகூடாமல் போனதை வான் சான்ட் நிறைவேற்றியும் காட்டினார்.

இத்தனை இருந்தும் புதிய படத்தில் அச்சம் பிறக்கவில்லை. முன்னணி நடிகை ஏற்ற பாத்திரத்தைப் படத்தின் பாதிக்கு முன்பே கொன்றுவிடுவது 1960இல் யாரும் எதிர்பாராத அதிர்ச்சி. அதைக் காப்பாற்றத்தான், படம் தொடங்கிய பிறகு எவரையும் அரங்கினுள் விடக்கூடாது என்று ஹிட்ச்காக் வற்புறுத்தினார். 1998இல் அரங்குக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் கொலை நடக்கும் குளியலறைக் காட்சியை முன்பே அறிந்தவர்கள்.

நடிப்பும் இருக்கிறது. மூலப்படத்தில் துப்பறிவாளர் காட்டும் பதிவேட்டைப் பார்ப்பதற்காக, விடுதி நடத்துபவராக வரும் அந்தோனி பெர்கின்ஸ் கழுத்தை நீட்டிக் குனியும்போது, கேமரா அவருடைய தாடைக்குக் கீழிருந்து பார்க்கிறது. மிட்டாயை மென்றுகொண்டிருக்கும் அந்தத் தொண்டை ஏறி இறங்குவதிலேயே அவர் மறைக்க முயலும் நடுக்கம் முழுவதும் வெளிப்பட்டுவிடுகிறது. கோணத்தையும் விளக்கையும் நகலெடுத்துவிடலாம். அந்த நடுக்கத்தை எப்படி நகலெடுப்பது? மூலப்படத்திடம் புதிதாக எதையும் கேட்காத ரீமேக், எவ்வளவு பக்தியோடு எடுக்கப்பட்டாலும், வெறும் பிரதியாகவே நின்றுவிடுகிறது என்பது என் கருத்து.

கேள்வி: இயக்குநரே தம்முடைய படத்தை மீண்டும் எடுத்தால் அதை எப்படி மதிப்பிடுவது?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த ரீமேக்குகள் இந்த வகையைச் சேர்ந்தவைதாம். ஹிட்ச்காக் 1934இல் எடுத்த ‘தி மேன் ஹூ நியூ டூ மச்’ படத்தை 1956இல் தாமே மீண்டும் எடுத்தார். முதலாவதைத் திறமையுள்ள ஒரு கற்றுக்குட்டியின் வேலை என்றும், இரண்டாவதைத் தேர்ந்த தொழிலாளியின் வேலை என்றும் அவரே பின்னாளில் பிரித்துச் சொன்னார். ஜப்பானிய இயக்குநர் ஓசு, 1934இல் மௌனப்படமாக எடுத்த நாடோடி நாடகக் குழுவின் கதையை, 1959இல் ஒலியோடும் வண்ணத்தோடும் ‘ஃப்ளோட்டிங் வீட்ஸ்’ என்ற பெயரில் மீண்டும் எடுத்தார். அதில் குழுத்தலைவரும் அவருடைய துணைவியும் ஒரு குறுகிய தெருவின் இரு பக்கத்துத் தாழ்வாரங்களில் நின்றுகொண்டு, நடுவே மழை கொட்டிக்கொண்டிருக்க, ஒருவரையொருவர் ஏசிக்கொள்கிறார்கள். மழையின் ஓசையும் ஏச்சும் ஒன்றோடொன்று மோதுவதைக் கேட்கும்போது, இக்கதைக்கு ஒலி எதற்காகத் தேவைப்பட்டது என்பது விளங்கிவிடும். நம்மிடையே ஸ்ரீதர், 1962இல் வந்த ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தை மறு ஆண்டே ‘தில் ஏக் மந்திர்’ என்று இந்தியில் இயக்கினார். அங்கே காலம் மாறவில்லை, மொழியும் நடிகர்களும் மாறினார்கள்.

கேள்வி: ஒரு பெரிய நட்சத்திரத்தின் முத்திரை பதிந்த பாத்திரத்தை வேறொருவர் ஏற்பது முறையா?

பதில்: முறைதான், ஆனால் முந்தைய நடிகரின் பாணியைக் கடன் வாங்கக் கூடாது. 1980இல் ரஜினிகாந்த் நடித்த ‘பில்லா’வே, 1978இல் வந்த ‘டான்’ என்ற இந்திப் படத்தின் ரீமேக். 2007இல் விஷ்ணுவர்தன் அதை மீண்டும் எடுத்தபோது, ‘மை நேம் இஸ் பில்லா’ பாடலைப் பழைய படத்துக்கு மரியாதையாக வைத்துக்கொண்டாரே தவிர, அஜித்தை ரஜினியின் வேகத்தில் நடக்கவோ பேசவோ விடவில்லை. குறைந்த பேச்சு, இறுக்கமான முகம், இருண்ட ஒளிப்பதிவு என்று அந்தப் படம் தனக்கென ஒரு நடையை அமைத்துக்கொண்டது. அதனால்தான் இரண்டு படங்களுக்கும் இன்று தனித்தனி ரசிகர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: அப்படியானால் எந்தப் படங்களை ரீமேக் செய்ய வேண்டும் என்பீர்கள்?

பதில்: நல்ல கதை இருந்தும் சரியாக அமையாமல் போன படங்களை. ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ நாவலை ஒரே நிறுவனம் 1931இலும் 1936இலும் படமாக்கியது. இன்று நாம் செவ்வியல் படைப்பாகக் கொண்டாடுவது 1941இல் ஜான் ஹஸ்டன் எடுத்த மூன்றாவது படத்தை.

கேள்வி: உரிமை பெறாமல் கதையை எடுத்துக்கொள்வதும் ரீமேக் என்றே சொல்லப்படுகிறதே?

பதில்: அதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘யோஜிம்போ’ (1961) கதையை அனுமதியின்றிப் பயன்படுத்தி இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனே ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ (1964) எடுத்தார். வழக்கு சமரசத்தில் முடிந்தது; குரோசாவா தரப்புக்கு வருவாயில் 15 சதவீதம் கிடைத்தது. லியோனேயின் படம் கலையாக உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் கதையை உருவாக்கியவர் நீதிமன்றத்தின் படியேறித்தான் தம் பங்கைப் பெற வேண்டியிருந்தது என்பதை மறக்க முடியாது.

கேள்வி: ரீமேக் வந்த பிறகு மூலப்படம் எங்கு தேடியும் கிடைக்காமல் போவது ஏன்?

பதில்: ரசிகர்கள் கோபப்பட வேண்டிய இடம் இதுதான். 1940இல் பிரிட்டனில் வந்த ‘கேஸ்லைட்’ படத்தின் ரீமேக் உரிமையை வாங்கிய எம்.ஜி.எம். நிறுவனம், 1944இல் தன் படம் வெளிவந்தபோது, பழைய படத்தின் பிரதிகளை அழித்துவிட முயன்றது. மார்செல் கார்னேயின் பிரெஞ்சுப் படமான ‘லெ ஜூர் செ லேவ்’ (1939) படத்துக்கும், 1947இல் ஆர்.கே.ஓ. நிறுவனம் அதை மீண்டும் எடுத்தபோது, அதே கதிதான் நேர இருந்தது. இரண்டு படங்களும் தப்பிப் பிழைத்ததால்தான் இன்று ஒப்பிட்டுப் பேசவே முடிகிறது. இப்போது எவரும் வேண்டுமென்றே எரிப்பதில்லை. பழைய நெகட்டிவ், அதாவது பிரதிகள் எடுக்க உதவும் மூலப் படச்சுருள், கவனிப்பாரின்றிக் கெட்டுப்போவதே போதுமானதாக இருக்கிறது. எனவே ஒரு ரீமேக் அறிவிக்கப்பட்டால், யார் நடிக்கிறார் என்று சண்டையிடுவதற்கு முன்னால், மூலப்படத்தின் நெகட்டிவ் எந்த நிலையில் இருக்கிறது, அதையும் சீரமைத்துப் புதிய படத்தோடு வெளியிடுவார்களா என்று தயாரிப்பாளரிடம் கேளுங்கள்.