நிறம் போனால் நஞ்சும் போனதா?

கேள்வி: மெலமினை 550 டிகிரி செல்சியஸில் சூடாக்கி கிராஃபிட்டிக் கார்பன் நைட்ரைடு (ஒளி பட்டால் மாசுகளைச் சிதைக்க உதவும் மஞ்சள் வினையூக்கித் தூள்) தயாரித்தேன். அடுக்குகளைப் பிரிக்க மறுபடியும் காற்றில் சூடாக்கியதும் மஞ்சள் வெளுத்துவிட்டது. கெட்டுப்போய்விட்டதா?

கெடவில்லை. அடுக்கு மெலிய மெலிய ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரானைக் கிளப்ப ஒளி தர வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல்) வழக்கமான 2.7 எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டும்; நீல ஒளியை முன்போல் உறிஞ்சாது, அதனால்தான் வெளிறித் தெரிகிறது. மேற்பரப்பு கூடியது லாபம், ஒளி குறைந்தது நட்டம். பாஸ்பரஸோ சல்ஃபரோ சிறிது சேர்த்து நட்டத்தை ஈடுகட்டப் பார்ப்பார்கள். அளவு மீறினால், ஒளி கிளப்பிய எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற காலியிடமான துளையும் வேலை செய்யுமுன்பே ஒன்றுசேர்ந்து வீணாகும்.

கேள்வி: இந்தத் தூளைப் போட்டு விளக்கொளியில் வைத்த மெத்திலீன் புளூ (நீலச் சாயம்) கரைசல் ஒரே மணி நேரத்தில் தெளிந்துவிட்டது. சாயக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் என்று ஆய்வறிக்கையில் எழுதலாமா?

அவசரப்படாதீர்கள். முதலில் வடிகட்டிய தூளைப் பாருங்கள். அது நீலமாக இருந்தால் சாயம் சிதையவில்லை, ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். இருட்டில் கலக்கி, 664 நானோமீட்டரில் உறிஞ்சல் அளவு நிலைத்த பிறகே விளக்கைப் போட வேண்டும். தெளிந்த கரைசலில் காற்றை ஊதிப் பாருங்கள். நீலம் திரும்பினால் சாயம் ஒடுக்கமடைந்து (எலக்ட்ரானைப் பெற்று) நிறமற்ற வடிவத்துக்குப் போயிருக்கிறது. இன்னொரு வம்பும் உண்டு: இந்தச் சாயமே கண்ணுறு ஒளியை உறிஞ்சி எலக்ட்ரானை வினையூக்கிக்குத் தள்ளிவிடும், பெயரை வினையூக்கி தட்டிக்கொண்டு போகும். நிறமில்லாத ஃபீனாலை வைத்தும் ஒருமுறை சோதியுங்கள். இதையெல்லாம் தாண்டினாலும் மொத்தக் கரிமக் கார்பனை (நீரில் மிஞ்சிய கரிமப் பொருள்களிலுள்ள கார்பனின் அளவை) அளக்காமல் 'சுத்தம்' என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். நிறம் தரும் பகுதி உடைந்த பின்னும் மற்ற துண்டுகள் நீரிலேயே கிடக்கலாம். நிஜக் கழிவுநீரில் பைகார்பனேட்டும் குளோரைடும் சாயத்தைச் சிதைக்கும் ஹைட்ராக்சில் ராடிக்கல்களைத் தின்றுவிடும் என்பது தனிக் கதை.

கேள்வி: கோபால்ட்–இரும்பு அடுக்கு இரட்டை ஹைட்ராக்சைடு (இரு உலோகங்கள் கொண்ட அடுக்கு வினையூக்கி), பெராக்ஸிமோனோசல்ஃபேட் என்ற ஆக்சிஜனேற்றியுடன் சேர்ந்து மருந்து எச்சங்களை வேகமாகச் சிதைக்கிறது. ஆனால் மறுபடி பயன்படுத்தினால் மந்தம். ஏன்?

பெராக்ஸிமோனோசல்ஃபேட் உப்பு கரைசலை அமிலமாக்கும். அமிலத்தில் ஹைட்ராக்சைடு அடுக்கு கரையும். வினை பாதியில் இருக்கும்போது தூளை வடிகட்டி எடுத்துவிடுங்கள். அதன் பிறகும் வினை அதே வேகத்தில் ஓடினால் வேலை செய்தது கரைந்த கோபால்ட்தான். அந்தக் கோபால்ட்டே மாசு என்பதால், கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. கார அமிலத்தன்மையை (pH) நடுநிலையில் நிறுத்தி, ஒவ்வொரு சுற்றிலும் நீரில் எவ்வளவு கோபால்ட் இருக்கிறதென்று அளந்து பாருங்கள்.

கேள்வி: டைட்டானியம் கார்பைடு மேக்ஸீன் (MXene, மிக மெல்லிய தகடுகளான பொருள்) கரைசல் கறுப்பாக இருந்தது, புட்டியிலேயே வெளுத்துவிட்டது.

நீரும் ஆக்சிஜனும் சேர்ந்து அதை டைட்டானியம் டை ஆக்சைடாக்கிவிட்டன. அடுத்த முறை ஆர்கான் செலுத்தி, மூடி, குளிரில் வையுங்கள். வெளுத்ததைக் கொட்ட வேண்டாம், புற ஊதா ஒளியில் அதுவும் வினையூக்கும். வேண்டுமென்றே பாதி மட்டும் ஆக்சிஜனேற்றம் செய்து கார்பைடு, ஆக்சைடு இரண்டையும் ஒரே தகட்டில் வைத்துக்கொள்பவர்களும் உண்டு.