அம்மாவுக்கு ஆய்வு மருந்து: கையெழுத்துக்கு முன் என்ன கேட்பது?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. மூளையில் லிம்ஃபோமா, அதாவது நிணநீர் அணுக்களில் வரும் புற்றுநோய். மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ சிகிச்சை முடிந்து 14 மாதத்தில் திரும்ப வந்துவிட்டது. இப்ரூட்டினிப் என்ற மருந்தின் வகையைச் சேர்ந்த ஒரு புது மாத்திரையைப் பரிசோதிக்கும் ஆய்வில் சேரலாம் என்கிறார் டாக்டர். அம்மாவைச் சோதனை எலி ஆக்குகிறோமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. டம்மி மாத்திரை கொடுத்துவிட்டால்?

பதில்: டம்மி பயம் பெரும்பாலும் தேவையில்லை. இது அரிய நோய். திரும்பி வந்தவர்களுக்கான ஆய்வுகளில் பல ஒரே குழுவாக நடப்பவை. சேர்கிற எல்லோருக்கும் அதே மருந்துதான். உங்கள் ஆய்வும் அப்படியா என்பது ஒப்புதல் படிவத்தில் இருக்கும், பார்த்துவிடுங்கள்.

அதற்கு முன்னால் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: "மெத்தோட்ரெக்சேட்டையே மறுபடி கொடுக்க முடியாதா?" முதல்முறை மருந்து நன்றாக வேலை செய்து, ஓராண்டுக்கு மேல் நோய் அடங்கியிருந்தால் அதுவும் ஒரு வழி. சிறுநீரகம் தாங்காது என்பது போன்ற காரணம் இருக்கலாம். அந்தக் காரணத்தைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

சரி, மாத்திரைக்கு வருவோம். இந்த நோயில் பலருடைய புற்றணுக்களில் எம்.ஒய்.டி.88, சி.டி.79.பி என்ற மரபணுக்கள் மாறியிருக்கும். 'வளர், வளர்' என்ற கட்டளை அணைக்க முடியாத சுவிட்ச் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் கட்டளை போகிற வழியில் இருக்கும் பி.டி.கே. என்ற நொதியைத்தான் இவ்வகை மருந்து அடைக்கிறது. ரத்தத்தில் இருந்து மூளைக்குள் பல மருந்துகள் நுழைவதே இல்லை. இப்ரூட்டினிப் ஓரளவு நுழைகிறது. 2017-இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், மூளையிலேயே தோன்றிய லிம்ஃபோமா உள்ள 13 பேரில் 10 பேருக்குக் கட்டி சுருங்கியது. இதே வகையைச் சேர்ந்த டைராப்ரூட்டினிப்புக்கு 2020-இல் ஜப்பான் அனுமதி கொடுத்தது. ஆனால் சுருங்குவது வேறு, சுருங்கியபடியே இருப்பது வேறு. பலருக்குச் சில மாதங்களில் நோய் தலைதூக்கியது. சிலருக்குத்தான் நெடுநாள் அடங்கியிருந்தது. நம்பிக்கையோடு சேருங்கள், கணக்கைத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

படிவத்தை விட நான் அதிகம் கவலைப்படுவது டெக்சாமெத்தசோனைப் பற்றி. இந்த ஸ்டீராய்டு மூளை வீக்கத்தை மட்டும் குறைப்பதில்லை, லிம்ஃபோமா அணுக்களையே கொல்லும். அம்மா தலைவலி என்கிறார் என்று வையுங்கள். பக்கத்து டாக்டர் 4 மில்லிகிராமை 8 ஆக்குகிறார். அடுத்த வாரம் எம்.ஆர்.ஐ.யில் கட்டி சிறுத்திருக்கிறது. எது வேலை செய்தது, ஆய்வு மருந்தா, ஸ்டீராய்டா? யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் ஸ்டீராய்டு இல்லாமலே கட்டி மறைந்திருந்தால்தான் 'முழுப் பலன்' என்று எழுதுவார்கள். அங்கும் நோய் இல்லை என்று உறுதிசெய்ய, கண்ணையும், தேவைப்பட்டால் முதுகுத்தண்டு நீரையும் பார்ப்பார்கள். தினமும் என்ன அளவு ஸ்டீராய்டு போனது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

ஸ்டீராய்டும் இந்த மருந்தும் சேரும்போது இன்னொரு தொல்லை, பூஞ்சைத் தொற்று. நுரையீரலிலும் மூளையிலும்கூட வரலாம். இருமல், காய்ச்சல், புதுக் குழப்பம் என்றால் காத்திருக்காதீர்கள்.

அப்புறம், மற்ற மாத்திரைகள். வலிப்புக்காக ஃபெனிடாயினோ கார்பமசெபைனோ போய்க்கொண்டிருந்தால், இப்ரூட்டினிப்பின் அளவு ரத்தத்தில் வெகுவாகக் குறைந்துவிடும். அதற்குப் பதில் லெவெடிராசிடாம் போன்றதை டாக்டர் மாற்றித் தரலாம். பூஞ்சைக்குத் தரும் வொரிகோனசோல் நேர் எதிர், அளவை ஏற்றிவிடும். ஆஸ்பிரின், ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரைகள் இருந்தால் ரத்தக்கசிவு பற்றிக் கேளுங்கள். பல் பிடுங்குவதானால்கூட முன்கூட்டிச் சொல்ல வேண்டும். நெஞ்சுப் படபடப்பு வந்தால் இ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

கையெழுத்துப் போட்டபிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகினால் வழக்கமான சிகிச்சைக்குத் தடை இருக்கக்கூடாது. ஸ்கேன் செலவு யாருடையது, நோய் வளர்ந்தால் அடுத்து என்ன, ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவுக்கு வலிப்பு வந்தால் எந்த எண்ணைக் கூப்பிடுவது என்று கேட்டு, அதே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.