முதலில் ஒப்பந்தம், பிறகு விமானம்

"படிப்பு முடிந்தால் ஏதாவது ஒரு கம்பெனி ஸ்பான்சர் பண்ணிவிடும் என்று சித்தப்பா சொல்கிறார், நம்பலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மெக்கட்ரானிக்ஸ் டிப்ளமோ கடைசி ஆண்டில் இருக்கும் உங்கள் மகனை (தம்பி என்றே சொல்கிறேன்) அமெரிக்காவுக்கு அனுப்பி, நான்கு வருடம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வைக்க வீட்டை அடமானம் வைக்கவும் தயாராக இருக்கிறீர்கள். பெற்றவர்களின் கவலை புரிகிறது. ஆறுதல் சொல்லி அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. இந்தத் திட்டம் வேண்டாம்.

ஸ்பான்சர் செய்வது முதலாளி. மாணவர் தானாக எச்-1பி என்ற அமெரிக்க வேலை விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது. கல்லூரியும் அதை வாங்கித் தராது. கம்பெனி அவர் பெயரை மார்ச் மாதத்தில் பதிவு செய்ய வேண்டும். வருடத்துக்கு 65,000 இடங்கள். மேலும் 20,000 உண்டு, ஆனால் அவை அமெரிக்காவில் முதுகலையோ அதற்கு மேலோ முடித்தவர்களுக்கு மட்டும். தம்பி படிக்கப்போகும் இளங்கலைக்கு இல்லை. பதிவுகள் இடங்களை மிஞ்சினால் அவற்றிலிருந்து சில பெயர்களை மட்டும் தேர்ந்தெடுப்பார்கள். பெயர் வராவிட்டால், அவரை விரும்பும் கம்பெனியாலும் ஒன்றும் செய்ய முடியாது. படிப்பு முடிந்து ஓபிடியில், அதாவது மாணவர் விசாவிலேயே கிடைக்கும் தற்காலிக வேலை அனுமதியில், 12 மாதம், கம்ப்யூட்டர் சயின்ஸ் போன்ற துறைக்கு இன்னும் 24 மாதம் வேலை செய்யலாம். அதற்குள் அமையாவிட்டால் கடனோடு திரும்ப வேண்டியதுதான். 2025 செப்டம்பரில் வெளிநாட்டில் இருப்பவருக்குப் புதிதாக எச்-1பி கேட்கும் முதலாளி ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அதிபர் ஆணை வந்தது. அங்கேயே மாணவர் விசாவிலிருந்து மாறுபவருக்கு அது பொருந்தாது என்று பிறகு விளக்கினார்கள். நான்கு வருடம் கழித்து விதி எப்படி இருக்கும் என்று சித்தப்பாவால் சொல்ல முடியுமா? அவர் போன காலத்து அனுபவத்தை வைத்துச் சொல்கிறார். அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் கடன் உங்கள் பெயரில்.

இதைவிட எனக்கு உறுத்தியது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு விஷயம்: தம்பிக்கு கோடிங் பிடிக்காது, பழுதான மோட்டாரைப் பிரித்துப்போட்டால் சாப்பாட்டையே மறந்துவிடுவார். அப்புறம் எதற்கு அவரை கம்ப்யூட்டர் சயின்ஸில் தள்ளுகிறீர்கள்?

கனடா, ஆஸ்திரேலியா பற்றியெல்லாம் ஏற்கெனவே நிறையப் பேர் உங்களிடம் பேசியிருப்பார்கள். யாரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன்: ஜெர்மனியின் அவுஸ்பில்டுங் தொழிற்பயிற்சி. இதில் முதலாளி முதலிலேயே வந்துவிடுகிறார். ஒரு கம்பெனி தம்பியைப் பார்த்துப் பேசி, பயிற்சி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, அதை ஐஎச்கே எனப்படும் தொழில் வர்த்தக மன்றத்தில் பதிவு செய்த பிறகுதான் விசா. ஜெர்மன் வேலைவாய்ப்பு முகமையும் ஒப்புதல் தர வேண்டும். அவசரமென்றால் கம்பெனியே அங்குள்ள வெளிநாட்டினர் அலுவலகத்தில் 411 யூரோ கட்டி விரைவு நடைமுறையில் விண்ணப்பிக்கலாம்.

இயந்திரமும் மின்னணுவும் சேர்ந்த மெக்கட்ரானிக்ஸ் அங்கே அங்கீகரிக்கப்பட்ட தொழில். பயிற்சி மூன்றரை வருடம். வாரத்தில் மூன்று நான்கு நாள் தொழிற்சாலை, மீதி நாள் தொழிற்பள்ளி. சில இடங்களில் பள்ளியை வாரக்கணக்கில் சேர்த்து நடத்துவார்கள். அரசுத் தொழிற்பள்ளிக்குக் கட்டணம் கிடையாது. பயிற்சி பெறுபவருக்கு மாதாமாதம் சம்பளம் உண்டு. 2026இல் தொடங்கும் பயிற்சிக்கு முதல் ஆண்டுச் சட்டக் குறைந்தபட்சம் மாதம் 724 யூரோ. அடுத்தடுத்த ஆண்டுகளில் கூடும். தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள உலோக, மின் துறைக் கம்பெனிகளில் முதல் ஆண்டே ஆயிரத்தைத் தாண்டும். வாரம் 20 மணி நேரம் வரை வேறு வேலையும் பார்க்கலாம். நடுவிலும் கடைசியிலும் ஐஎச்கே தேர்வு. தேறி, அந்தத் தொழிலிலேயே வேலை கிடைத்தால் திறன்தொழிலாளர் அனுமதி. அதன்பின் இரண்டு வருடம் வேலை பார்த்து, ஓய்வூதியச் சந்தாவும் மற்ற நிபந்தனைகளும் சரியாக இருந்தால் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் இந்தியர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

சிரமங்களையும் மறைக்க மாட்டேன். பாடம், தேர்வு, மேஸ்திரி போடும் சத்தம் எல்லாமே ஜெர்மனில்தான். மொழித் தேர்ச்சி ஏ1, ஏ2, பி1 என்று படிப்படியாக ஏறும்; பொதுவாக பி1 நிலையாவது வேண்டும். அதற்கே ஒரு வருடம் உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும். சட்டப்படி தொடக்கத்தில் குறைந்தது ஒரு மாதம், அதிகபட்சம் நான்கு மாதம் தகுதிகாண் காலம். அதற்குள் இரு தரப்பும் உடனே விலகலாம். தம்பி மேல் தவறில்லாமல் பயிற்சி நின்றால் வேறு இடம் தேட ஆறு மாதம் வரை அவகாசம் உண்டு. சம்பளம் செலவுக்குப் போதாது என்று தூதரகம் கருதினால், குறையும் தொகைக்கு வங்கிக் கணக்கு காட்டச் சொல்லும். அதற்கு வீட்டை வைக்க வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். "லட்சங்களில் கொடுங்கள், ஒப்பந்தம் வாங்கித் தருகிறோம்" என்று எந்த ஏஜென்ட் வந்தாலும் பணத்தை எடுக்காதீர்கள். ஜெர்மன் வேலைவாய்ப்பு முகமையின் இணையதளத்தில் பயிற்சியிடங்களை இலவசமாகத் தேடலாம். தம்பியே ஜெர்மனில் விண்ணப்பக் கடிதம் எழுதிக் கம்பெனிக்கு நேரடியாக அனுப்பலாம். வந்த ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா என்று சம்பந்தப்பட்ட மன்றத்திடமே கேட்டுப் பாருங்கள்.

பயிற்சி பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும்; நல்ல கம்பெனிகள் ஒரு வருடம் முன்பே ஆள் எடுக்கும். அதனால் இந்த மாதமே ஏ1 வகுப்பில் சேரட்டும். உங்களுக்காக அல்ல, தனக்கே பிடித்துச் சேர்கிறாரா என்று அவரிடம் கேளுங்கள். சித்தப்பா பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள். பி1 வரை போக முடியாவிட்டால் போவது வகுப்புக் கட்டணமும் ஒரு வருடமும். டிப்ளமோ கையில் இருக்கும், இங்கேயே வேலை தேடலாம். அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள், எந்தெந்தக் கம்பெனிக்கு விண்ணப்பிப்பது என்று சேர்ந்து பார்ப்போம்.