லீன் பயிற்சிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்: கேள்வி-பதில்

கேள்வி: திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனி வைத்திருக்கிறோம். கட்டிங் முதல் பேக்கிங் வரை 120 பேர். லீன் (வீண் நேரம், தேக்கம், கழிவைக் குறைக்கும் உற்பத்தி முறை) பயிற்சிக்கு இரண்டு கொட்டேஷன் வந்திருக்கிறது. ஒருவர் ஓட்டல் ஹாலில் இரண்டு நாள் வகுப்பு, எல்லோருக்கும் சான்றிதழ் என்கிறார். இன்னொருவர் நான்கு மாதத்தில் 12 நாள் கம்பெனிக்கே வருகிறேன் என்கிறார். விலை மூன்று மடங்கு. எதை எடுப்பதுங்க?

பதில்: இரண்டாமவரை. ஆனால் அந்த 12 நாளும் எப்படிப் பிரியும் என்று எழுத்தில் வாங்கிய பிறகுதான்.

உங்கள் லைனை வைத்தே ஒரு கணக்குப் போடுங்கள். சாப்பாட்டு நேரம் நீங்கலாக எட்டு மணி நேர ஷிப்ட். டீக்கு அரை மணி போனால் 450 நிமிடம், அதாவது 27,000 நொடி. நாளைக்கு 900 பீஸ் வேண்டுமென்றால் 30 நொடிக்கு ஒரு பீஸ் வெளியே வர வேண்டும். இதைத்தான் டாக்ட் டைம் என்பார்கள். கழுத்துப்பட்டி வைக்கும் மிஷினில் மட்டும் ஒரு பீஸுக்கு 42 நொடி ஆனால், மற்ற டெய்லர்கள் 25 நொடியில் முடித்தாலும் லைன் 642 பீஸைத் தாண்டாது. அவர்களுடைய வேகமெல்லாம் கழுத்துப்பட்டி மிஷினுக்கு முன்னால் கட்டுக்கட்டாகக் குவியும், அவ்வளவுதான். மிஷின்களுக்கு நடுவே 1,200 பீஸ் தேங்கி நின்றால், ஒன்றுக்கு 42 நொடி வீதம், இப்போது உள்ளே போகும் பீஸ் வெளியே வர 14 மணி நேரம். ஓவர்லாக் மிஷினில் லூப்பர் (நூலைக் கோக்கும் கொக்கி) பழுதாகித் தையல் விட்டுப்போவதைக் கடைசி செக்கிங் மேஜையில்தான் பார்க்கிறீர்கள் என்றால், அதற்குள் அதே கோளாறோடு பல நூறு பீஸ் வரிசையில் நிற்கும். பண்டிலை (ஒரு கட்டை) 30 பீஸிலிருந்து 10 ஆக்கித் தேக்கத்தை 300க்குக் கொண்டுவந்தால், அதே பயணம் மூன்றரை மணி நேரம்.

ஆனால் பண்டில் சின்னதானால் சீட்டு எழுதுவது கூடும், கைமடி (உதவி) ஆட்களுக்கு நடையும் கூடும். மிஷின்களை நெருக்கிப் போடாமல் பண்டிலை மட்டும் குறைத்தால் முதல் வாரமே பழையபடி ஆகிவிடும். இதையெல்லாம் ஓட்டல் ஹாலில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க முடியாது.

12 நாளை இப்படிக் கேளுங்கள்: முதல் 2 நாள் அளப்பதற்கு மட்டும். அடுத்த 2 நாள் பயிற்சி. ஒரு குழுவுக்கு 12 முதல் 15 பேர், ஒன்றரை மணி நேரம் வகுப்பு, மீதி நேரம் லைனில். பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு நாள் வீதம் 6 நாள். மிச்சம் 2 நாளை, வேலை முடிந்து 60 நாள் கழித்து வைக்கச் சொல்லுங்கள். ஆள் போன பிறகு எது நின்றது, எது விழுந்தது என்பது அப்போதுதான் தெரியும். கட்டணத்தில் 20 சதவீதத்தை அந்தக் கடைசி 2 நாளுக்குப் பிறகுதான் தருவேன் என்று சொல்லுங்கள்.

பேச வருபவர் ஒருவர், பயிற்சிக்கு வருபவர் இன்னொருவர் என்பது இந்தத் தொழிலில் சகஜம். வரப்போகிறவரை அரை நாள் ஃப்ளோரில் நடக்கவிட்டுப் பாருங்கள். ஸ்லைடை நீட்டாமல் செக்கிங் மேஜைக்குப் போய் ரீவொர்க் (திருத்த வேண்டிய பீஸ்) கூடையைக் கிளறுகிறவர் தேவலை. அவர் ஒரு வருடம் முன்பு முடித்துக் கொடுத்த கம்பெனி ஒன்றின் பெயரை வாங்கி, அவர் இல்லாமல் நீங்கள் மட்டும் போய்ப் பார்த்து வாருங்கள்.

தேதி குறிக்கும்போது சம்பளம் போடும் சனிக்கிழமை, ஷிப்மென்ட் முடிகிற வாரம், தீபாவளி போனஸுக்கு முந்தைய இரண்டு வாரம் மூன்றையும் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: குறிச்சியில் சி.என்.சி. (கணினி இயக்கும்) லேத் ஆறு ஓடுகிறது, பம்ப் உதிரி பாகங்கள். ஒரு ஐட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற இரண்டு மணி நேரம் ஆகிறது. பயிற்சி கொடுத்துப் பத்து நிமிடத்துக்குள் கொண்டுவருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: பத்து நிமிடத்துக்குள் என்பது ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோவின் செட்டிங் மாற்றும் முறையிலிருந்து வந்த பேச்சு. டொயோட்டாவில் 1,000 டன் பிரஸ்ஸில் நான்கு மணி நேரம் ஆன டை (அச்சு) மாற்றத்தை மூன்று நிமிடத்துக்குக் கொண்டுவந்தார். உங்கள் லேத்தில் அந்த அளவுக்குப் போக விரைவாக மாற்றும் ஜா (பொருளைப் பிடிக்கும் தாடை), முன்கூட்டியே அளந்து மாட்டும் டூல் ஹோல்டர் எல்லாம் வாங்க வேண்டும். அது இயந்திரச் செலவு, பயிற்சிக் கட்டணத்தில் அடங்காது. வெறும் பயிற்சியால் பாதிக்கும் கீழே வருவது நடக்கக்கூடியது.

எங்கிருந்து எங்கு வரை அளப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள்: பழைய ஐட்டத்தின் கடைசி நல்ல பீஸிலிருந்து புதிய ஐட்டத்தின் முதல் நல்ல பீஸ் வரை. ‘செட்டிங் முடிந்தது’ என்று ஆபரேட்டர் கை துடைக்கும் நேரம் கணக்கில் வராது. ஒரு முழு மாற்றத்தை வீடியோ எடுத்தால் இரண்டு மணி நேரத்தில் என்ன இருக்கிறது என்று தெரியும்: ஜா தேடல், இன்சர்ட்டுக்கு (வெட்டும் முனை) ஸ்டோருக்கு நடை, கேஜ் வேறு மிஷினில் மாட்டிக்கொண்டது, சாஃப்ட் ஜா போரிங் (ஜாவைப் பொருளின் அளவுக்குக் கடைதல்), ஆஃப்செட் (டூல் அளவை மிஷினில் திருத்துதல்), முதல் பீஸை குவாலிட்டிக்குக் கொண்டுபோய்க் காத்திருத்தல். இதில் மிஷின் நின்றால்தான் செய்ய முடியும் என்பது போரிங், ஆஃப்செட், முதல் பீஸ் சோதனை மூன்றும்தான். மற்றதெல்லாம் பழைய ஐட்டம் ஓடும்போதே தள்ளுவண்டியில் தயாராக வந்து நிற்க வேண்டும்.

ஐட்டத்துக்கு ஒரு ஜா செட் என்று நம்பர் போட்டு வைக்கச் சொல்வார்கள். சரிதான், ஆனால் கழற்றி மாட்டினால் ரன்அவுட் (சுழலும்போது மையம் விலகல்) வரும், லேசாக ஒரு கட் எடுக்கத்தான் வேண்டும். பிடிக்கும் சக்கில் எந்தப் பல்லில் மாட்டியது, எந்த ஜா எந்த ஸ்லாட்டில் என்று குறித்து வைத்தால் அந்தக் கட் சிறிதாகும். இதைச் சொல்லாமல் விடுகிற பயிற்சியாளர் லேத் பக்கம் நின்றவராக இருக்க மாட்டார்.

மிச்சமான நேரத்தை என்ன செய்வது என்பதையும் இப்போதே யோசியுங்கள். 120 நிமிடம் 50 ஆனால், நாளுக்கு ஒருமுறை மாற்றியதை இரண்டு முறை மாற்றினாலும் 100 நிமிடம்தான். சின்ன லாட் ஓட்டலாம், குடோனில் சரக்கு குறையும். அதைச் செய்யாமல் பழைய பெரிய லாட்டையே ஓட்டினால், ஆர்டர் நிறைந்திருக்கும் நாளில் தவிர, நேரம் மிச்சமானது பணமாகக் கைக்கு வராது.

கேள்வி: கரூரில் வீட்டு ஜவுளி யூனிட். போன வருடம் ஃபைவ் எஸ் (பிரித்தல், அடுக்கல், சுத்தம், ஒழுங்கு, கடைப்பிடித்தல்) செய்தோம். மஞ்சள் கோடு, போர்டு எல்லாம் போட்டோம். மூன்று மாதத்தில் பழையபடி ஆகிவிட்டது. மறுபடி அதே பயிற்சி எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் செய்தது ஆயுத பூஜைக்குச் செய்யும் சுத்தம். அது வருடத்துக்கு ஒருமுறை போதும், ஃபைவ் எஸ்ஸுக்குப் போதாது.

பெரும்பாலும் விழுவது இரண்டு இடத்தில். ஒன்று, தேவையில்லாதது என்று சிவப்புச் சீட்டு ஒட்டிய பொருளைத் தள்ளிவிட யாருக்கும் அதிகாரம் இல்லை. ‘முதலாளி வந்து பார்க்கட்டும்’ என்று அது மூலையிலேயே கிடக்கும், சுற்றிலும் புதிது சேரும். சீட்டில் தேதி எழுதி, 30 நாளில் யாரும் கேட்காவிட்டால் ஸ்கிராப்புக்கு அனுப்பும் அதிகாரத்தை சூப்பர்வைசரிடம் கொடுங்கள். குறிப்பிட்ட தொகைக்கு மேல் மட்டும் உங்களிடம் வரட்டும். இரண்டு, கோடு போட்டவர்கள் வெளியாட்கள். எந்த டிராலி எங்கே நிற்க வேண்டும் என்று அதைத் தள்ளுகிறவரிடம் யாரும் கேட்கவில்லை. வழியில் இல்லாத இடத்தில் இடம் ஒதுக்கினால் டிராலி அங்கே போகாது.

பயிற்சிக்குப் பதிலாக, மாதம் ஒரு நாள் வந்து உங்கள் சூப்பர்வைசர்களோடு சேர்ந்து தணிக்கை செய்யும் ஆளை ஆறு மாதத்துக்கு அமர்த்துங்கள். செலவு குறையும். முதல் தணிக்கை உங்கள் ஆபீஸ் மேஜையில் தொடங்கட்டும்.

கேள்வி: எங்கள் டெய்லர்கள் பீஸ் ரேட். ‘நல்லா ஓட்டினா ரேட்டைக் குறைப்பீங்க, எதுக்குண்ணா இதெல்லாம்?’ என்று கேட்கிறார்கள். பயிற்சியாளர் ‘மனநிலையை மாற்றுவோம்’ என்கிறார்.

பதில்: அவர்கள் கேட்பதுதான் சரி. நேரம் குறைந்ததும் ரேட்டைக் குறைத்தால், அடுத்த யோசனை அந்த லைனிலிருந்து வரவே வராது; நேரம் அளக்க ஆள் வந்தாலே கை தானாக மெதுவாகும். இதில் பயிற்சியாளர் மாற்ற வேண்டிய மனநிலை எதுவும் இல்லை. முடிவு எடுக்க வேண்டியவர் நீங்கள்.

ஆள் வருவதற்கு முன்பே போர்டில் தமிழில் எழுதி ஒட்டுங்கள்: செய்முறை மாற்றத்தால் அந்த ஸ்டைல் முடியும் வரை ரேட் குறையாது, மிச்சமாகும் ஆள் வேறு லைனுக்குப் போவார், வீட்டுக்குப் போக மாட்டார். கான்ட்ராக்ட்காரர் மூலம் டெய்லர்கள் வந்தால் அவரும் இதில் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் கொடுக்கும் வாக்கு அவரோடு நின்றுவிடும்.

யோசனை சொன்னவருக்கு ஒரு வாரத்துக்குள் பதில் போக வேண்டும். ‘முடியாது, காரணம் இது’ என்பதும் பதில்தான். 500 ரூபாய் வரை ஆகும் வேலையை, அதாவது ஒரு தட்டு, ஒரு லைட், ஒரு கொக்கி, லைன் சூப்பர்வைசரே கேட்காமல் செய்ய விடுங்கள். மாதம் ஆளுக்கு இத்தனை கைசன் (சிறு முன்னேற்ற யோசனை) என்று டார்கெட் போடச் சொல்லும் பயிற்சியாளர் வந்தால் ஜாக்கிரதை; தாள் நிறையும், தரையில் ஒன்றும் மாறாது.

கேள்வி: எங்கள் ஆட்களில் பாதிப் பேர் ஒடிசா, பீகார். பயிற்சி தமிழில்.

பதில்: கொட்டேஷனிலேயே இந்தி தெரிந்த ஆள் ஒருவரைக் கேளுங்கள். செய்முறைத் தாளில் எழுத்தைக் குறைத்து, உங்கள் மிஷினிலேயே எடுத்த படத்தைப் போடச் சொல்லுங்கள்: சரியான பீஸ் ஒன்று, தவறான பீஸ் ஒன்று, பக்கத்துப் பக்கத்தில்.

கேள்வி: ‘உற்பத்தி 30 சதவீதம் கூடும், உத்தரவாதம்’ என்று ஒப்பந்தத்தில் எழுதித் தருகிறாராம். பாதுகாப்புதானே?

பதில்: எந்த மாதத்தோடு ஒப்பிட்டு 30 என்று பாருங்கள். ஆள் குறைந்த பொங்கல் மாதத்தை அடிப்படையாக வைத்தால், அவர் வராமலே கூடும். ஒரே வகை ஐட்டத்துக்கு, முந்தைய மூன்று மாத சராசரி எடுங்கள்: ஓர் ஆள்-மணிக்கு எத்தனை நல்ல பீஸ், ரீவொர்க் எத்தனை, உள்ளே போய் வெளியே வரும் நாள் எத்தனை. மூன்றையும் உங்கள் ஆள் எடுக்கட்டும், அவர் சரிபார்க்கட்டும்.

கேள்வி: அரசு மானியம் உண்டா?

பதில்: மத்திய அரசின் எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) காம்பெட்டிட்டிவ் லீன் திட்டம் 2023 மார்ச்சில் தொடங்கியது. உத்யம் (அந்தத் தொழில்களுக்கான அரசுப் பதிவு) பதிவு வேண்டும். அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என மூன்று படி. அடிப்படை நிலை இலவசம். அடுத்த இரண்டிலும் ஆலோசகர் கட்டணத்தில் 90 சதவீதம் அரசு தரும். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் யூனிட்டுகளுக்கு இன்னும் 5 சதவீதம். நேஷனல் புரொடக்டிவிட்டி கவுன்சிலும் குவாலிட்டி கவுன்சிலும் இதை நடத்துகின்றன. ஏற்கெனவே வேறு ஆளிடம் வேலையைத் தொடங்கிவிட்டுப் பிறகு மானியம் கேட்கப் போகாதீர்கள். முதலில் போர்ட்டலில் பதிவு, பிறகு வேலை.

தனியாரிடம் எடுத்தால் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரும். சாதாரண முறையில் பதிவு செய்த யூனிட் அதை இன்புட் கிரெடிட்டாக எடுக்கலாம், காம்போசிஷனில் (விற்பனையில் ஒரு சதவீதமாக வரி கட்டும் எளிய முறை) இருப்பவர் எடுக்க முடியாது. பயணம், தங்கும் செலவு கட்டணத்துக்குள்ளா வெளியேயா என்பதை, சென்னை, பெங்களூரிலிருந்து வருகிறவரிடம் குறிப்பாகக் கேட்டுவிடுங்கள். 12 வருகைக்கு அது சின்னத் தொகை இல்லை.